என் சட்டையில் எரிந்த மைத்துனன்

புவேர்த்தோ தமரிந்தோ,
மூன்று அரசர் திருநாள், ஜனவரி ஆறு, காலை.

தெருக் கமிட்டித் தலைவியும் என் தங்கை மகளுமான மரியூக்ஸிக்கு,

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி நம் தெரு என் மைத்துனன் பைரனை எரித்தது. என்னை எரிக்கவில்லை. இதுதான் எனக்கு இழைக்கப்பட்ட அநீதி. இதை இழைத்தவள் நீ. இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும் என்று இருந்தேன், இப்போது விசாரிக்கிறேன். நீயும் உன் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். சுகமாகத்தான் இருக்கிறீர்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நானும் உன் அத்தை நர்சீசாவும் கடவுள் புண்ணியத்தில் நலம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் சேதி சொல்கிறது.

நான்கு வீடு தள்ளி இருப்பவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாயால் சொன்னால் நீ "சரி மாமா, பாக்கலாம் மாமா" என்று கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து அனுப்பிவிடுகிறாய். முத்தத்துக்கு யாரும் மறுமொழி எழுத முடியாது. எழுத்து அப்படியல்ல. அது மேசைமேல் கிடக்கும், பதில் சொல்லும்வரை முறைத்துக்கொண்டே இருக்கும்.

ஆண்டின் கடைசி நாளில் பழைய ஆண்டைப் பொம்மையாகச் செய்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஓர் ஆணுக்கு விதவை வேடம் போட்டு அழவைத்து, பொம்மையின் பெயரில் கேலி உயில் வாசித்து, உதைத்து, எரிப்பது நாட்டுக்கே பொதுவான வழக்கம். ஆனால் யாரை எரிப்பது என்பதில் நம் தெருவுக்கென்று ஒரு மரியாதை உண்டு. அந்த ஆண்டு ஊர் வாயில் யார் பெயர் அதிகம் விழுந்ததோ அவருக்குத்தான் அந்த நாற்காலி. மின்சாரத்தை நிறுத்திய மந்திரியை எரித்தோம். ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தோற்ற பயிற்சியாளரை எரித்தோம். அவர்கள் எல்லாம் வெளியாட்கள். நம் தெருவில் வாழ்கிற ஒருவருக்கு அந்த நாற்காலி கிடைத்ததே இல்லை. முதன்முதலாகக் கிடைத்தபோது அது டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற பைரனுக்குப் போயிருக்கிறது. கரும்பாலையின் எடைமேடையில் காலமெல்லாம் லாரிகளை எடைபோட்டவன், பள்ளிக்கூடம் பாதியில் விட்டாலும் அரசியல் சாசனத்தை மூன்று முறை தானே படித்துத் தேறியவன், இன்றோடு ஓராண்டாக நாட்டு நடப்பை எழுதிவருகிறவன், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆம், இன்றோடு ஓராண்டு. போன மூன்று அரசர் திருநாளன்றுதான் நான் 'எடைமேடை' என்ற என் வலைப்பதிவைத் தொடங்கினேன். பத்திரிகைக்கு அனுப்பிய கடிதங்களை அவர்கள் போடவில்லை, வானொலிக்குத் தொலைபேசியில் பேசினால் இரண்டு வாக்கியத்துக்குள் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். பதிவில் என் பேச்சை யாரும் வெட்ட முடியாது அல்லவா. பட்ஜெட்டைப் பற்றி எழுதினேன். சட்டமன்றத்தில் யார் எப்போது கொட்டாவி விட்டார் என்று எழுதினேன். வடிகால் சட்டத்தைப் பற்றிப் பதினோரு பகுதிகள் எழுதினேன். நம் ஊரில் மழை பெய்தால் ஏன் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்பதற்கான காரணம் முழுவதும் அதில் இருக்கிறது. அதன் பிறகும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது தெருவில் ஒருவராவது "தெமேத்ரியோ சொன்னாரே" என்று சொன்னாரா? முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு வாசகரே இல்லை என்று பைரனின் மகள் சொல்லித் திரிந்தாளாம். பொய். ஃபின்லாந்திலிருந்து ஒருவர் நான் போட்ட கணமே ஒவ்வொரு கட்டுரையையும் படித்துவந்தார். அவருக்காக ஒரு கட்டுரையின் தொடக்கத்தில் ஃபின்லாந்து மக்களுக்கும் அவர்களின் அரசாங்கத்துக்கும் வாழ்த்துச் சொல்லியிருந்தேன். அப்புறம் அந்தப் பெண்தான் வந்து, அது மனிதர் இல்லை, வலையில் உள்ளதையெல்லாம் மேய்ந்துவிட்டுப் போகிற ஏதோ இயந்திரம் என்று விளக்கினாள். இருக்கட்டும். வாழ்த்தை நான் எடுக்கவில்லை. படிக்கிற இயந்திரம் படிக்காத மைத்துனனைவிட மேல்.

மைத்துனன் விஷயத்துக்கு வருகிறேன். நான் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பைரனும் தொடங்கினான். "மச்சான் பண்றாரு, நானும் பண்ணிப் பாக்கறேன்" என்றானாம் தன் அக்காவிடம், அதாவது உன் அத்தையிடம். தன் கடையின் பெயரையே பதிவுக்கும் வைத்தான். டயர் மாற்றக் காத்திருக்கிறவர்கள் அரசாங்கத்தைத் திட்டுவதைக் கேட்டு, ஐந்து வரியில் தட்டி, கிரீஸ் கையோடு போட்டுவிடுவான். தலைப்பு கிடையாது. பிரிவு கிடையாது. மேற்கோள் கிடையாது. நான் ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் உட்காருகிறேன். அவன் ஒரு டியூபில் பசை காய்வதற்குள் எழுதி முடித்துவிடுகிறான்.

ஏப்ரலில் அந்தப் பதிவைப் போட்டான். உனக்கு நினைவிருக்கும், உன் தொலைபேசியில்தான் நீ எனக்கே படித்துக் காட்டினாய், சிரித்துக்கொண்டே. நகரத் தலைவருக்கு நன்றிக் கடிதம். தெருவில் நீங்கள் விட்டுவைத்த ஒவ்வொரு குழியும் என் வீட்டில் ஒரு வேளைச் சோறு, கோயிலுக்கு முன்னால் இருக்கும் பெரிய குழிதான் என் மகளின் சீருடை, தயவுசெய்து அதை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை மீன்சாறு விற்கிற வண்டியில் அதைத்தான் பேசினார்கள். பேருந்தில் அதைத்தான் பேசினார்கள். வானொலிக்காரர் அதைப் பாட்டுப் போடாமல் முழுதாக வாசித்தார். அதோடு நின்றதா? நகர்மன்றமே முத்திரை வைத்த தாளில் ஓர் அறிக்கை விட்டது: "சாலைக் குழிகள் எந்தத் தனியார் நிறுவனத்தின் இலாபத்துக்காகவும் பராமரிக்கப்படுவதில்லை."

மறுப்பு அறிக்கை, மரியூக்ஸி. அரசாங்கத் தாளில். பைரனுக்கு!

நான் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. வாழைக்காய் உருண்டையை உன் அத்தை நாய்க்கு வைத்தாள். மறுநாள் காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நகர்மன்றத்துக்குப் போனேன். வடிகால் கட்டுரைகளை அச்சடித்து எடுத்துக்கொண்டேன். இவற்றை எப்போது மறுக்கப் போகிறீர்கள் என்று முன்மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் நல்ல பெண், எனக்கு நாற்காலி போட்டாள். உள்ளே போய்விட்டு வந்து, "உங்க மேல எங்களுக்கு ஒரு புகாரும் இல்லீங்க ஐயா" என்றாள். நான்காம் பகுதியில் பொறியாளரைத் திருடர் என்று சொல்லியிருக்கிறேனே என்று காட்டினேன். அதைப் படித்துவிட்டு, "எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க" என்றாள். அப்புறம், பைரனைத் தெரியுமா என்று கேட்டாள். அவன் எனக்கு மைத்துனன் என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். ஒருவர் கைகொடுத்தார். பதினோரு பகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பைரனின் மச்சானாக அங்கே நின்றேன்.

அன்றிலிருந்து ஆண்டு முழுவதும் அப்படியே போனது. நான் அந்நியக் கடன் பற்றி எழுதுவேன், அவன் நகரத் தலைவரின் நாயைப் பற்றி எழுதுவான், ஊர் நாயைப் பேசும். நான் நீதித்துறைச் சீர்திருத்தம் எழுதிய வாரம் அவனுக்குச் சளி, எழுதவில்லை. கடைக்கு ஆட்கள் எலுமிச்சையும் தேனும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கும் அதே வாரம் சளிதான். ஃபின்லாந்து மட்டும் வந்துவிட்டுப் போனது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். டிசம்பர் நடுவில் நீ என் வீட்டுக்கு வந்தாய். இனி நான் சொல்வதை நீ மறுக்க முடியாது, உன் அத்தை அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, உங்ககிட்ட பழைய பேன்ட்டு சட்டை இருந்தா குடுங்களேன், பொம்மைக்கு வேணும்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். யாரை எரிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கமிட்டி ரகசியம் மாமா" என்று மறுபடியும் சிரித்தாய்.

ஒருவரைப் பொம்மையாக்க வேண்டும் என்றால் அவருடைய துணியையே கேட்டு வாங்கிப் போடுவதுதான் முறை. மந்திரியிடம் போய்க் கால்சட்டை கேட்க முடியாது, அதனால் இத்தனை ஆண்டும் கிடைத்ததை மாட்டினோம். தெருக்காரர் ஒருவரிடம் கேட்டால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. எந்த நிதானமுள்ள மனிதனும் அப்படித்தான் புரிந்துகொள்வான். நீ போனதும் கதவைச் சாத்திவிட்டு உன் அத்தையிடம், நர்சீசா, என்னை எரிக்கப் போகிறார்கள் என்றேன். அவள் பானையைக் கிளறிக்கொண்டே, "நல்லதாப் போச்சு, அந்த அலமாரியாவது காலியாகும்" என்றாள்.

பழையதைக் கேட்டாய். நான் பழையதையா கொடுத்தேன்? ஆலையில் விடைகொடுத்த அன்று போட்டுக்கொண்ட வெள்ளைக் குவயாபெரா சட்டையைக் கொடுத்தேன், கஞ்சி போட்டு இஸ்திரி செய்து. சாம்பல் கால்சட்டையைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் காலணியைக் கொடுத்தேன், அதனால் இப்போது ரப்பர் செருப்போடு பூசைக்குப் போகிறேன். பாதிரியார் என் காலைப் பார்த்துக்கொண்டே அப்பம் கொடுக்கிறார். அதோடு விட்டேனா? முகமூடி செய்கிற ஒலிம்போவின் பட்டறைக்கு நேரே போனேன். என்னைக் கண்டதும் அவர் செய்துகொண்டிருந்த முகத்தின் மேல் செய்தித்தாளை இழுத்து மூடினார். கூச்சப்படுகிறார், மாதிரி ஆளே நேரில் வந்து நின்றால் எந்தக் கலைஞனும் கூசத்தான் செய்வான் என்று நினைத்துக்கொண்டேன். முகஸ்துதி வேண்டாம், உள்ளதை உள்ளபடி செய்யுங்கள் என்றேன். கன்னத்தில் இருக்கும் மருவை விட்டுவிடாதீர்கள் என்று தொட்டுக் காட்டினேன். அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மரு வேணுமா? சரிங்க, நீங்க சொன்னா வச்சிடறேன்" என்றார்.

முப்பதாம் தேதி 'எரிவதற்கு முன்' என்ற கட்டுரையைப் பதிவில் போட்டேன். தெருவுக்கு நன்றி சொன்னேன். என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கலாம் என்று அடக்கமாக எழுதினேன், யார் என்று எழுதவில்லை. பைரனுக்கு ஒரு பத்தி ஒதுக்கி, முயற்சியைக் கைவிடாதே, உனக்கும் ஒரு காலம் வரும் என்று தேற்றினேன். அதை நீங்கள் ஒருவரும் படிக்கவில்லை என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. படித்திருந்தால் நான் ஊரைவிட்டே போயிருக்க வேண்டும். ஆகையால் படிக்காததற்கு நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. தற்போதைக்குக் கோபப்படுகிறேன்.

முப்பத்தொன்று மதியம் முடிவெட்டிக்கொண்டேன். மாலையில் பைரன் கறுப்புப் பாவாடையும் முக்காடும் போட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு தெருமுனையில் வண்டிகளை மறித்து ஒப்பாரி வைத்துக் காசு கேட்டுக்கொண்டிருந்தான். பொம்மைக்கு விதவை வேடம் அவன்தான் என்று தெரிந்ததும், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன்மேல் இருந்த வருத்தமெல்லாம் கரைந்தது. என் சாவுக்கு என் மைத்துனனே அழுகிறான், அதுவும் இவ்வளவு மனமார என்று தோன்றியது. கிட்டே போய் முதுகில் தட்டிக் கொடுத்தேன். "நல்லா அழு பைரா, நல்லா அழு" என்றேன். அவன் முக்காட்டை விலக்கிவிட்டு, "தேங்க்ஸ் மச்சான், நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்புறம் பொம்மையை வைத்திருந்த பந்தலுக்குப் போனேன். நாற்காலியில் என் குவயாபெரா உட்கார்ந்திருந்தது. என் கால்சட்டை கால்மேல் கால் போட்டிருந்தது. என் காலணி பளபளத்தது. கழுத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் டயர். அதற்கு மேலே பைரனின் முகம். அதன் கன்னத்தில் என் மரு.

உன்னைத் தேடிப் பிடித்து விளக்கம் கேட்டேன். உன் பதில் இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "பைரன் சித்தப்பா துணி முழுக்க கிரீஸும் பெட்ரோலும் மாமா. அதைக் கொளுத்துனா தெருவே போயிடும். உங்க துணிதான் சுத்தமா இருக்கும்." ஓராண்டு எழுதினேன். நாட்டுக்காக என் கண் பார்வை போனது. இந்தத் தெரு என்னிடம் கண்டது சுத்தமான துணி.

அந்த மருவைப் பார்த்துவிட்டு மருந்துக்கடை செனோவியா, பைரனுக்கு ஏது மரு என்று கேட்டார். ஒலிம்போ எல்லார் முன்னிலையிலும், "பெரியவர்தான் வந்து வைக்கச் சொன்னார்" என்று என் பக்கம் கைகாட்டினார். தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அது ஒரு குறியீடு என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பிறகு உயில் வாசித்தாய். வாசித்தது மட்டுமல்ல, எழுதியவளும் நீதான், மறுக்காதே, உன் சந்தம் எனக்குத் தெரியும்.

"குழியெல்லாம் நகர்மன்றத்துக்கே, பசையும் பம்பும் என் மகளுக்கே,
வாசகரில் பாதி என் மச்சானுக்கே, பாவம், அவர் கேட்டா மீதியும் அவருக்கே!"

சிரித்தார்கள். உன் அம்மா, என் கூடப் பிறந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் அத்தை சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காக ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டாள். நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கும்போது அடிக்கு ஒன்றாக அதிர்ஷ்டத்துக்குத் தின்ன என்று எண்ணி வைத்திருந்த திராட்சை.

இனி அந்தப் புகைப்படம். நான் அழவில்லை என்பதை இந்தக் கடிதத்தின் மூலம் பதிவு செய்கிறேன். கொளுத்துவதற்குச் சற்று முன்னால், எல்லாரும் பட்டாசைச் சுற்றிக் கூடியிருந்தபோது, என் சட்டையைக் கழற்றிவிடலாம் என்றுதான் நான் பந்தலுக்குள் போனேன். சட்டை என்னுடையது. ஆனால் உள்ளே மரத்தூளை அப்படி அடைத்திருக்கிறீர்கள், பொத்தான் ஒன்றும் அசையவில்லை. கழுத்தைக் கட்டிப்பிடித்து முதுகுப் பக்கம் கையைவிட்டு இழுத்துப் பார்த்தேன். தூள் கண்ணில் விழுந்தது, கண்ணீர் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பைரன் முக்காட்டோடு ஓடிவந்து, "மச்சான், என் மச்சான்" என்று என்னையும் பொம்மையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். மறுநாள் காலை அவன் பதிவில் அது இருந்தது: 'நான் செத்ததுக்கு நிஜமாவே அழுத ஒரே மனுஷன், என் மச்சான்.' அவன் ஆண்டு முழுவதும் எழுதியதில் அதுதான் மிக அதிகம் பேர் பார்த்ததாம். ஆக, என் ஓராண்டு எழுத்து வாழ்க்கையில் என்னை ஊர் பார்த்தது அவன் பதிவில்தான்.

புத்தாண்டு மதியம் அவன் மிச்ச வான்கோழிக் கறியை எடுத்துக்கொண்டு வந்தான். பெருமை பேச வந்திருக்கிறான் என்று நினைத்து நான் எழுந்திருக்கவில்லை. அவன் உட்கார்ந்து, கறியை என் பக்கம் தள்ளிவைத்தான். அப்புறம் சொன்னான், "உங்களுக்கு என்ன குறை மச்சான். உங்களை யாரும் எரிக்கலையே."

"அதுதான்டா குறை" என்றேன்.

"கரண்டைப் புடுங்குன மந்திரியை எரிச்சோம். தோத்துப் போன கோச்சை எரிச்சோம். போய்த் தொலைஞ்சா போதும்னு நெனைக்கிற ஆளைத்தானே மச்சான் எரிக்கறோம். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் செனோவியா அக்கா செருப்பைக் கழட்டி வச்சுட்டு பொம்மையில இருந்த என் மூஞ்சியை உதைச்சாங்க பாருங்க. அவங்க வண்டிக்கு நான் காசு வாங்காம காத்தடிக்கிறவன். ஒரு மாதிரி ஆயிடுச்சு. இனிமே எழுதல."

அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. தூள் எதுவும் இல்லை. உன் அத்தை எழுந்து போய்த் தன் தம்பியின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நான் அங்கே உட்கார்ந்து என்ன நினைத்தேன் தெரியுமா? ஊர் இவனுக்கு நாற்காலியையும் கொடுத்தது, உதையையும் கொடுத்தது, இப்போது பெரிய மனிதர்களுக்கு மட்டும் வருகிற இந்த மனவருத்தத்தையும் கொடுத்துவிட்டது. எனக்கு மனவருத்தம்கூடச் சட்டையைப் பற்றித்தான். இவ்வளவு எழுதியும் போய்த் தொலை என்று ஒருவரும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லையே.

அவன் சொன்னபடி எழுதவில்லை. இன்றுவரை ஒரு வரி இல்லை. அதற்கும் என்ன நடக்கிறது என்று பார்த்தாயா? அந்தப் படத்துக்குக் கீழே ஆட்கள் குவிகிறார்கள். பைரன் எங்கே, பைரனுக்கு உடம்பு சரியில்லையா, பைரா திரும்பி வா. அவன் எழுதாமல் இருப்பதை என் எழுத்தைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள். பேசுகிறவனோடு போட்டி போடலாம், மரியூக்ஸி. வாயை மூடிக்கொண்டிருப்பவனோடு நான் எப்படிப் போட்டி போடுவது? அவன் இனிமேல் எழுதவே இல்லை என்றால் காலம் முழுவதும் அவன்தான் பெரிய எழுத்தாளன். நான் எழுதி எழுதி அவன் மச்சானாகவே செத்துப்போவேன்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. கமிட்டியின் தலைவி என்ற முறையில் நீ தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா தொடங்குமுன் கூட்டம் கூட்டி, இந்த ஆண்டுக் கடைசியில் நாற்காலி எனக்குத்தான் என்று தீர்மானம் போட வேண்டும், கையெழுத்தோடு. ஒலிம்போ இப்போதே வந்து என் முகத்தை அளவெடுத்துக்கொள்ள வேண்டும், தாள் போட்டு மூடக் கூடாது. செனோவியா பைரனிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும், டிசம்பரில் என்னை உதைக்கும்போது செருப்பைக் கழற்றக் கூடாது. நகர்மன்றம் வடிகால் கட்டுரைகளில் ஏதாவது ஒரு பகுதியை, அவர்களுக்கு வசதியான எதுவானாலும் சரி, முத்திரை வைத்து மறுக்க வேண்டும். உன் அம்மா சிரித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். பைரன் திங்கட்கிழமைக்குள் எழுதத் தொடங்க வேண்டும். நான் கெஞ்சினேன் என்று அவனிடம் சொல்லாதே, ஊர் கேட்கிறது என்று சொல்.

உன் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு நல்ல மதிப்பெண்ணும் நல்ல பசியும் கிடைக்கட்டும். கூரை ஒழுகாமல் இருக்கட்டும். உன் கணவருக்கு இந்த ஆண்டாவது வேலிக்குச் சாயம் பூச ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கட்டும். உன் அத்தை முத்தம் அனுப்புகிறாள். நான் இந்த முறை அனுப்பவில்லை.

உன் மாமன்,
தெமேத்ரியோ அல்சீவார்

பின்குறிப்பு, மறுநாள்: கடிதம் வந்து சேரவில்லை என்று நீ சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஆண்டுநிறைவுக்கு எழுதி வைத்திருந்த தண்ணீர்ச் சட்டக் கட்டுரையை நிறுத்திவிட்டு, நேற்று மதியம் இதையே 'எடைமேடை'யில் போட்டேன். மாலைக்குள் ஊரே படிக்க வந்து, ஃபின்லாந்துக்கு வரிசையில் இடம் கிடைக்கவில்லை. செனோவியா எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். உன் அம்மா உன் அத்தையிடம் மட்டும் பேசுகிறாள். அதெல்லாம் கிடக்கட்டும். இன்று காலை பைரன் எழுதியிருக்கிறான். எனக்கு மறுப்பு! தலைப்புப் போட்டு, எண்ணிட்டு, நீளமாக எழுதியிருக்கிறான். அவன் அழவே இல்லையாம். பாவாடை அவனுக்குப் பொருந்தவில்லை என்று நான் நினைத்ததாகத் தெரிகிறதாம், நான் அப்படி எழுதவே இல்லை. கடைசியில், வடிகால் தொடரின் ஏழாம் பகுதியில் மேற்குக் கால்வாயை அரசாங்கம் வெட்டியது என்று நான் சொன்னதே தவறாம், அதை வெட்டியது ஆலைதானாம். ஏழாம் பகுதிவரை வந்தவன் எட்டாம் பகுதியின் முதல் பத்தியை ஒழுங்காகப் படித்திருந்தால் அதற்கு அங்கேயே விடை இருப்பது தெரிந்திருக்கும். இதை விட முடியாது, பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், சில வாரம் ஆகும். ஆகவே மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். நீ கூட்டத்தை நிறுத்திவிடு. ஒலிம்போ வர வேண்டாம், எனக்கு உட்கார்ந்து முகம் காட்ட நேரமில்லை. நகர்மன்றம் சும்மா இருக்கட்டும். உன் அத்தை காப்பி கொண்டுவரட்டும், பேசாமல் வைத்துவிட்டுப் போகட்டும். இந்த ஆண்டு பைரனை யாரும் எரிக்கக் கூடாது, அவனிடம் எனக்கு வேலை இருக்கிறது.